தமிழில் எழுத எந்தத் தொகுப்பி?

கேள்வி: எங்கள் வட்டாரத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளை எழுதிப் பகிர்வதற்கு ஓர் இணையச் செயலியை உருவாக்குகின்றோம். தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், படம் ஆகியவை போதும். உரைத் தொகுப்பியை நாங்களே எழுதலாமா, ஆயத்தமான ஒன்றை எடுப்பதா? பலர் கைத்தொலைபேசியில் எழுதுவார்கள். சிலர் பழைய பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்புகளிலிருந்து ஒட்டுவார்கள்.
- வாசகர், ஹட்டன்

பதில்: நீங்களே எழுத முற்பட வேண்டாம். பக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்தக்கூடியதாக்கும் கன்டென்ட்எடிட்டபிள் வசதி 2000ஆம் ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 உடன் வந்து, பின்னர் எல்லா உலாவிகளிலும் இடம்பிடித்தது. ஆனால் எழுத்தைத் தடிப்பாக்குவது போன்ற வேலைகளுக்கு அதனோடு பயன்பட்ட எக்செக்கமாண்ட் என்ற கட்டளை, உலாவிக்கு உலாவி வெவ்வேறு எச்டிஎம்எல்லை (பக்கத்தின் அமைப்பை விவரிக்கும் குறிகளை) உண்டாக்கியது. இன்று அது கைவிடப்பட்ட வசதியாகவே குறிக்கப்படுகிறது.

புரோஸ்மிரர், அதன்மேல் கட்டப்பட்ட டிப்டாப், மெட்டா நிறுவனத்தின் லெக்சிக்கல் ஆகிய ஆயத்தத் தொகுப்பிக் கருவிகள் தட்டச்சை உலாவி வழியாகப் பெற்றாலும், ஆவணத்தைத் தமக்குரிய கட்டமைப்பிலேயே வைத்திருக்கின்றன. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது டிப்டாப். எந்தெந்தக் கூறுகள் ஆவணத்தில் இடம்பெறலாம் என்பதை நீங்கள் முன்கூட்டியே வரையறுப்பதால், வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் தேவையற்ற அலங்காரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பாமினிக்கு ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பாமினிக் கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. தொகுப்பி எழுத்துருவின் பெயரை நீக்கியதும் ஆசிரியர் உழைத்து எழுதிய பாடம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஆகவே ஒட்டப்படும் எச்டிஎம்எல்லைத் தொகுப்பி வடிகட்டுவதற்கு முன்பே இடைமறித்து, பாமினி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். புரோஸ்மிரரில் இதற்கென்றே, உங்கள் நிரலை இடையில் இணைக்க உதவும் ஒரு கொக்கி உண்டு. இதனை முதலிலேயே செய்வது மிக முக்கியம் என்று கருதுகிறேன், ஏனெனில் எழுத்துருவின் பெயர் போய்விட்டால் எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரித்தறிவது கடினம்.

முடிவெடுக்குமுன் சாதாரண ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் ‘கொழுந்து’ என்று எழுதி, சொல்லின் நடுவில் சுட்டியை வைத்து அழித்துப் பாருங்கள். விசைப்பலகை சொல்லை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே தொகுப்பி திரையைப் புதுப்பித்தால் எழுத்துகள் இரட்டிக்கும் அல்லது மறையும். மேலும் ‘கொ’வின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவோ இரண்டாகவோ பதிவாகலாம், சேமிக்கும்போது என்எஃப்சி எனும் ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு ஒழுங்குபடுத்தாவிட்டால் தேடலில் சில பாடங்கள் அகப்படா.

ஆவணத்தை ஜேசன் எனும் தரவு வடிவில் சேமியுங்கள். தொகுப்பியின் வடிகட்டலை மட்டும் நம்பாமல், வந்து சேரும் உள்ளடக்கத்தைச் சேவையகத்திலும் மீண்டும் சரிபாருங்கள். தொகுப்பியைத் தொடாமலேயே எவரும் அங்கே தீங்கான நிரலை அனுப்ப முடியும்.