சம்பூர்க் கரையில் ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

திருகோணமலைச் சீனன்குடாவில் உள்ள பழைய எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய்த் தாங்கிகளை, பார்க்கத் தூதுவர்கள் வருகிறார்கள். காலநிலை, எரிசக்திப் பாதுகாப்பு என்று பேசிவிட்டுப் போகிறார்கள். கொட்டியாரக் குடாவில் வலை வீசும் எங்களுக்கு அதனால் என்ன வந்தது? வல்லரசுகளின் பேரத்துக்குப் பசுமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு வாசகர், மூதூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் கான்களைக் கயிற்றில் கோத்துவிட்டு, பக்கத்து மதில் நிழலில் இரவும் பகலும் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எரிசக்திப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் அந்தப் பேச்சுகளைத் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம், கொட்டியாரக் குடாக் கரையில் இருக்கும் சம்பூர். 2006இல் போர் துரத்திய சனம் முகாம்களில் கிடந்தபோது, ஆளில்லாத அந்த ஊரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியாவும் இலங்கையும் உடன்பட்டன. 2011இல் கூட்டு நிறுவனமும் அமைத்தன. கரி எரிக்கும் நிலையம் கடல்நீரை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, அதைச் சூடாகத் திருப்பி விடும். மகாவலி வந்து கலக்கும் குடாவில் அது மீனையும் இறாலையும் என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரார் எதிர்த்தார்கள், வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது, 2016இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதே சம்பூரில் 2022இல் அதே இரு நாடுகளும் சூரிய மின்சாரத்துக்குக் கையெழுத்திட்டன. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் திட்டத்தின் பணிகளை மோடி தொடக்கிவைத்தார். ஆக, தூதரகப் பேச்சுதான் கரியைக் கொண்டுவந்தது, வெயிலுக்கு மாறியதும் அதே பேச்சுத்தான். இடையில் கரியைத் தடுத்து நின்றது மக்களின் குரல்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 செப்டம்பரில், புதிய நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்ற கூட்டு உறுதிமொழியை ஐ.நா. மாநாட்டில் தொடக்கிவைத்த ஏழு நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா எல்லாம் கூடவே இருந்தன. நாளை யாராவது கரியோடு இந்தக் கரைக்கு வந்தால், ஊரறியக் கொடுத்த அந்த வாக்கை எடுத்து நீட்டிக் கேட்க நமக்கு வழி இருக்கிறது. வெளிநாட்டில் கொடுத்த வாக்கு உள்ளூர் ஏழைக்கு உதவுவது இப்படித்தான்.

குதங்களின் கதை வேறு. 1987இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிய கடிதங்களில் பேசியது, 2022இல்தான் 61 தாங்கிகளுக்கான கூட்டு நிறுவனமாக உருப்பெற்றது. 2025இல் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. அந்த உடன்படிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடுங்கள் என்று கேட்பது நமது உரிமை.

பசுமை என்றதும் எல்லாம் சரியாகிவிடாது என்பதிலும் நான் உங்கள் பக்கம்தான். சூரிய மின்திட்டங்களுக்காக வயல் பறிபோகிறது என்று நமது மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள் 2025இல் வீதிக்கு வந்தார்கள். கரிக்குச் செய்த அதே பிழையை வெயிலுக்கும் செய்யக்கூடாது. காணியின் சொந்தக்காரரைக் கேட்ட பிறகுதான் முளை அடிக்க வேண்டும்.

உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தைக் கூட்டிக் கேள்விகளை எழுதுங்கள். குடாவுக்கு என்ன பாதுகாப்பு, மண்ணெண்ணெய்க்கு மாற்றாகப் படகுக்கு என்ன தருவீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை. அடுத்த தூதுவர் சீனன்குடாவுக்கு வரும்போது அந்தக் கடதாசியை நேரில் கொடுப்போம். நானும் வருகிறேன்.