எஸ்டேட் காப்பிக்கு எதற்கு இந்த விலை?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): அண்ணாச்சிக்கு வணக்கம். இருபது வருஷமாக ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் பாதிப்பாதி போட்டு அரைத்து வாங்குகிறோம். பெங்களூரில் இருக்கும் மகன் தீபாவளிக்கு வந்தபோது கால் கிலோ எஸ்டேட் காப்பி கொண்டுவந்தான். 650 ரூபாயாம்! பையில் 'ஏஏ, ஒரே தோட்டம், 1,300 மீட்டர், தேர்ந்தெடுத்த பழம்' என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினால், "இதே ஏஏ என்கிட்டயும் இருக்கு, பாதி விலைக்குத் தாரேன்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை அக்கா. ஏஏ என்பது கொட்டையின் பருமன், அவ்வளவுதான். 7.10 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள சல்லடையில் தங்குகிற கொட்டை ஏஏ. அதில் விழுந்து 6.65 சல்லடையில் தங்கினால் ஏ. அதற்கும் கீழே பி, சி. புளியங்குடியில் எலுமிச்சம்பழத்தைப் பெருசு, சிறுசு என்று தரம் பிரிக்கிற மாதிரிதான். பெருசில் சாறு இருக்கிறதா என்பது நறுக்கினால்தானே தெரியும்?

இன்னொன்று. பிளாண்டேஷன் என்றால் ஏதோ தோட்டத்துப் பேர் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காப்பிச் செடியில் முக்கியமாக அராபிகா, ராபஸ்டா என்று ரெண்டு ஜாதி. பழத்தோலை உரித்து, கழுவி, காயவைத்த அராபிகாவுக்கு வியாபாரத்தில் அந்தப் பேர். பழத்தை அப்படியே வெயிலில் காயப்போட்டால் அது செர்ரி. ராபஸ்டாவைக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். ஆக, 'பிளாண்டேஷன் ஏ' என்ற ரெண்டு சொல்லில் கிடைக்கிற தகவல் இவ்வளவுதான்: கழுவின அராபிகா, நடுவாந்தரத்துக்கு மேலான பருமன். எந்த மலை, எந்த வருஷத்து விளைச்சல், காயைப் பறித்தார்களா பழத்தைப் பறித்தார்களா, ஒன்றும் தெரியாது.

விலை ஏறுவது பறிப்பில். ரெண்டு வருஷம் முன்பு டிசம்பரில் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்று நாள் இருந்தேன். மேலே பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் கொடுக்க, அதில் மிளகுக்கொடி ஏறியிருக்க, இடையிடையே மலைவாழை, அடியில் காப்பிச் செடி. ஒரே கொத்தில் நாலு பழம் சிவந்திருக்கும், ரெண்டு மஞ்சள், மீதி பச்சைக்காய். சில தோட்டங்களில் என்ன நடக்கும் என்றால், பாதிக்கு மேல் பழுத்ததும் கொம்பைப் பிடித்து மொத்தமாக உருவி விடுவார்கள். இந்தத் தோட்டத்தில் அப்படியில்லை, சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். ஒரு பருவத்தில் நாலைந்து சுற்று. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இந்த வேலை நடக்காது. எடைக்காக விரல் தானாகவே காயையும் சேர்த்து இழுத்துவிடும். அங்கே நாள்கூலி கொடுத்தார்கள். அது உங்கள் பையின் விலையில் ஏறாமல் எங்கே போகும்?

சாயங்காலம் பழத்தைத் தார்ப்பாயில் கொட்டி, தப்பி வந்த காய்களைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மிதக்கிறது சொத்தை, பூச்சி துளைத்தது, உள்ளே சரியாக விளையாதது. அதை அரித்துத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். முங்கினதுதான் தோல் உரிக்கும் இயந்திரத்துக்குப் போனது. உரித்த கொட்டை மேல் நுங்கின் வழவழப்பு மாதிரி ஒரு பிசின் இருக்கும். அது விட, தொட்டியில் ஒரு ராத்திரியோ ஒன்றரை நாளோ, குளிரைப் பொறுத்துப் புளிக்கவேண்டும். மறுநாள் காலை மேஸ்திரி முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து நெரித்துப் பார்த்தார். வழவழப்புப் போய்ச் சரளைக்கல் உரசுகிற மாதிரி நறநற என்றது. "கழுவுங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் புளிப்பு ஏறிக் காப்பியே நாறிப்போகும் என்றார்.

காயவைப்பது கம்பிவலைக் கட்டிலில், ஒரு வாரம் பத்து நாள். நாளெல்லாம் கிண்டிக் கொடுத்து, உச்சி வெயிலுக்கும் ராத்திரிப் பனிக்கும் மூடி, ஈரம் 10, 11 சதவீதத்துக்கு வரும்வரை இதே வேலை. தோட்டக்காரரிடம் ஈரம் பார்க்கும் கருவி இருந்தது. ஆனாலும் ஒரு கொட்டையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுத்தார். அதன் பிறகு பட்டிவீரன்பட்டி மாதிரி கியூரிங் ஆலைகள் உள்ள ஊருக்கு மூட்டை போகும். மேல்தொலியை உடைத்து, சலித்து, கருத்தது, உடைந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் பொறுக்குவது அங்கேதான். நம் கடைக்காரர் சொல்கிற ஏஏ என்ற எழுத்து கொட்டை மேல் விழுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்.

கணக்கும் பாருங்கள். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை. வறுக்கும்போது அதிலும் 15 முதல் 20 சதவீதம் எடை போய்விடும். உங்கள் கால் கிலோப் பைக்குள் ஏறக்குறைய 1.8 கிலோ பழம் இருக்கிறது, அத்தனையும் கையால் ஒவ்வொன்றாக எடுத்தது.

ஒரு காப்பியை ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரம், என்று உலகச் சந்தையில் சொல்வதற்குச் சோதனையும் உண்டு. 350 கிராம் பச்சைக்கொட்டையைக் கொட்டி எண்ணுவார்கள். முழுக் கருப்பு, முழுப் புளிப்பு மாதிரி பெரிய குறை ஒன்றுகூட இருக்கக்கூடாது. சின்னக் குறைகள் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. அப்புறம் காப்பி போட்டு உறிஞ்சிப் பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார்கள். 80 வாங்கினால் பாஸ்.

உங்கள் பையில் இருக்கிற '1,300 மீட்டர்' பற்றி ஒரு வார்த்தை. உயரத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை கெட்டியாகும், உண்மைதான். ஆனால் அதை நீங்களும் நானும் போய் அளக்கப் போவதில்லை. நான் தேடுவது வறுத்த தேதியை. தோட்டத்தின் பேரும் விளைந்த பருவமும் இருந்தால் இன்னும் நல்லது. வறுத்த தேதி இல்லாமல் 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று மட்டும் இருக்கிற பைக்கு 650 ரூபாய் நான் கொடுக்கமாட்டேன்.

கேள்வி (தென்காசி வாசகர்): பீபெரி தனி ஜாதிக் கொட்டையா? அதற்கு ஏன் கூட விலை?

பதில்: தனி ஜாதி இல்லை. ஒரு பழத்துக்குள் ரெண்டு விதை முகத்துக்கு முகம் ஒட்டி வளரும். அதனால்தான் சாதாரணக் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டை. ஒரு விதை கருகிப்போனால் மற்றது இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். எந்தச் செடியிலும் நூற்றுக்குப் பத்தை ஒட்டிக் கிடைக்கும். உருண்டை என்பதால் வறுகலத்தில் நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும். மற்றபடி, 'பீபெரி என்றால் ஸ்ட்ராங்' என்பது நம் ஊர் நம்பிக்கை. கூடுதல் விலையில் பாதி அந்த நம்பிக்கைக்கு.

கேள்வி (வள்ளியூர் வாசகர்): மலைக்கு டூர் போனபோது 'சுத்தமான தோட்டத்துக் காப்பித்தூள்' வாங்கினேன். டிகாஷன் தார் மாதிரி இறங்குகிறது. சிக்கரி இருக்குமோ?

பதில்: இருக்கும். நானும் ஏமாந்தவன்தான். ஒரு மலையூரில் 'எஸ்டேட்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் மூலையில் 'சிக்கரி 40 சதவீதம்'. கடைக்காரர் மேல் சட்டப்படி தப்பில்லை. கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும், எவ்வளவு காப்பி எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் எழுதவேண்டும். எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

உங்கள் பாக்கெட்டில் எழுதவே இல்லை என்றால் கதை வேறு. கண்ணாடித் தம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் தூளை மேலே தூவுங்கள், கலக்காதீர்கள். காப்பித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே இறங்க ஆரம்பித்து, பின்னாலேயே பழுப்பு நிறத்தில் வால் விடும். அப்படி வால் விட்டால் பில்லையும் பாக்கெட்டையும் தூக்கிப் போடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் வாங்கவில்லையா? சரி, அடுத்த தடவையாவது வாங்குங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): நம் மலையிலேயே விளைந்த காப்பி வாங்கலாம் என்று பார்த்தால் 'புவிசார் குறியீடு பெற்ற பொதிகைக் காப்பி' என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 2019-ல் ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது: குடகு அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ராபஸ்டா. இதில் பொதிகை எங்கே இருக்கிறது? உங்கள் தலைக்கு மேலே இருக்கிற மாஞ்சோலையும் தேயிலைக்குத்தான் பேர்போனது. காப்பி நன்றாக இருந்தால் காப்பிக்காக வாங்குங்கள், இல்லாத பட்டத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (சங்கரன்கோவில் வாசகி): கருப்பட்டிக் காப்பிக்கு எந்தத் தரம் நல்லது?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பாளையங்கோட்டை அக்காவும் இதைப் படியுங்கள். எஸ்டேட் காப்பியை இளவறுவலாக வறுப்பார்கள், பழப்புளிப்பு தெரியவேண்டும் என்பதற்காக. அதில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டால் ரெண்டும் சண்டை போடும். பால் ஊற்றினாலோ தண்ணியாக, லேசாகப் புளித்தது மாதிரி இருக்கும். மகன் கொண்டுவந்ததைப் பாலில்லாமல், சீனியில்லாமல் ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவன் குடித்துக்கொள்வான்.

கருப்பட்டிக்குப் பிளாண்டேஷன் பி போதும். பருமன் கொஞ்சம் குறைவு, விலையும் குறைவு. அதோடு கால் பங்கு கழுவின ராபஸ்டா சேர்த்து நன்றாகக் கறுக்க வறுக்கச் சொல்லுங்கள். நூறு, இருநூறு கிராமாக வாங்குங்கள்; அரைத்த தூளின் மணம் சில நாளில் இறங்கிவிடும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுக்கிறபோதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா போதும், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.