கரியை எண்ணிப் போட்டவர்கள்: பிரெஞ்சு எஞ்சின்கள் பற்றிய கேள்விகள்

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரான்ஸின் மியூலூஸ் நகரத்து ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு முழுப் பகலைக் கழித்தேன் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களை மேஜையில் அடுக்கினால் என் சாப்பாட்டுத் தட்டுக்கு இடமில்லை. முப்பத்தொரு வருடம் மீட்டர்கேஜ் ரயில் எஞ்சின் ஷெட்டில் பிட்டராக இருந்தவனிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் சும்மா விடுவானா? இந்த மாதம் முழுவதும் அதுதான். வீட்டு மாடித் தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்கள் பொறுத்தருளவும்.

கேள்வி: முதல் நல்ல ரயில் எஞ்சின் ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் மார்க் செகான் என்று வேறொருவர் பெயரைச் சொல்கிறார்களே? (ஓர் ஆசிரியை, திருவாரூர்)

பதில்: பாடத்தை மாற்ற வேண்டாம் டீச்சர், ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும். எஞ்சினின் உயிர் பாய்லரில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாய்லர் என்பது ஓர் அண்டா. அதன் நடுவே தடித்த நெருப்புக் குழாய் ஒன்றோ இரண்டோ போகும். தண்ணீரைத் தொடும் பரப்பு குறைவு என்பதால் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். முழுச் சேனைக்கிழங்கை அப்படியே உலையில் போட்டுவிட்டு வேகவில்லையே என்று காத்திருப்பது போல. செகான் சேனையை நறுக்கினார். ஒரு தடித்த குழாய்க்குப் பதிலாக மெல்லிய குழாய்கள் 43-ஐத் தண்ணீருக்குள் பரப்பினார். காப்புரிமை 1828-இல் கிடைத்தது. பலூன் விட்ட மாங்கோல்ஃபியே குடும்பத்துக்கு உறவுக்காரர்; ரோன் ஆற்றின் குறுக்கே தொங்கு பாலம் கட்டியவர்; பிறகு சேந்த் எத்தியேன் நிலக்கரிச் சுரங்கப் பகுதியையும் லியோனையும் இணைக்கும் ரயில் பாதையைப் போட்டார்.

மெல்லிய குழாய்களில் ஒரு தொல்லை உண்டு: காற்று எளிதில் இழுபடாது, அடுப்பு மந்தமாக எரியும். செகான் என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினுக்குப் பின்னால் வரும் தண்ணீர் வண்டியில் இரண்டு பெரிய விசிறிகளை வைத்து, அந்த வண்டியின் சக்கரத்தாலேயே அவற்றைச் சுழல வைத்தார். வண்டி நின்றால் விசிறியும் நின்றது. ஸ்டீபன்சன், வேலை முடித்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதவிட்டுக் காற்றை இழுத்தார். ‘குப் குப்’ என்று நாம் கேட்டு வளர்ந்த சத்தம் அதுதான். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் வென்ற ராக்கெட்டிலும் 25 செம்புக் குழாய்கள் இருந்தன. அந்த யோசனையை அங்கே சொன்னவர் ரயில் கம்பெனியின் செயலாளர் ஹென்றி பூத். செகானைப் பார்த்து எடுத்ததல்ல, இரண்டு பக்கமும் தனித்தனியே தோன்றியது. குழாயும் ஊதலும் சேர்ந்த பிறகுதான் எஞ்சின் எஞ்சினாயிற்று. எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு வாரமும் குழாய் துடைத்தவன் நான். செகானை நினைத்து நன்றி சொன்னதை விடத் திட்டியதுதான் அதிகம்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சு எஞ்சின் ஓடியிருக்குமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஆசையைக் கெடுக்கிறேன். விழுப்புரத்திலிருந்து உங்கள் ஊருக்கு 1879-இல் வந்த மீட்டர்கேஜ் பாதையில் வண்டி ஓட்டியது ஆங்கிலேயக் கம்பெனியான தென்னிந்திய ரயில்வே.

கேள்வி: மியூலூஸில் ஆளைவிட உயரமான சக்கரம் உள்ள எஞ்சினைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: அது 1852-இல் பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர் பாதைக்காகக் கட்டிய கிராம்ப்டன் எஞ்சின், பெயர் ‘லெ கோந்தினோன்’. ஓட்டும் சக்கரத்தின் விட்டம் சுமார் 2.3 மீட்டர். என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். பக்கத்தில் நின்றபோது சக்கரத்தின் மேல் விளிம்பு என் தலைக்கு மேல் இரண்டடிக்குப் போனது.

கணக்கு எளிது. பிஸ்டன் ஒருமுறை போய் வந்தால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பிஸ்டனை வேகமாக ஆட்டினால் அந்தக் காலத்து உலோகமும் எண்ணெயும் தாங்காது. சக்கரத்தைப் பெரிதாக்கினால் ஒரே சுற்றில் அதிக தூரம் போய்விடலாம். ஆனால் அவ்வளவு பெரிய சக்கரத்தின் அச்சைப் பாய்லருக்கு அடியில் வைத்தால் பாய்லர் மாடிக்கு ஏறிவிடும். வண்டி கவிழும் என்று பயந்தார்கள். தாமஸ் கிராம்ப்டன் என்ற ஆங்கிலேயர் 1842-இல் அந்த அச்சை நெருப்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாய்லரைத் தாழ இறக்கினார். இங்கிலாந்தில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரான்ஸின் வட ரயில்வே 1849-இல் வாங்கி ஓட்டியது. கிழக்கு ரயில்வேயும் பின்தொடர்ந்தது. எக்ஸ்பிரஸில் போவதற்கே ‘கிராம்ப்டனைப் பிடிப்பது’ என்று பிரெஞ்சில் ஒரு வழக்கு வந்துவிட்டது. 1855-இல் அவருக்கு நெப்போலியன் III விருதும் கொடுத்தார்.

குறையைச் சொல்லாவிட்டால் பிட்டர் புத்திக்கு ஆகாது. இழுப்பது ஒரே ஒரு ஜோடி சக்கரம். எஞ்சினின் கனத்தில் ஒரு பங்குதான் அந்தச் சக்கரத்தின் மேல் உட்காருகிறது. பெட்டிகள் கூடக் கூட, புறப்படும்போது சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிச் சும்மா சுற்றும். ஓடத் தொடங்கிவிட்டால் குதிரைதான்: நாற்பது வருடம் கழித்து, 1890-இல், புதுப் பாய்லர் மாட்டிய ஒரு பழைய கிராம்ப்டன் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 144 கிலோமீட்டரைத் தொட்டது.

டிரைவர் நின்ற இடத்துக்குக் கூரை கிடையாது. ஜனவரியில் அந்த ஊர்க் குளிரை நான் பத்து நிமிடம் அனுபவித்தேன், போதும்.

கேள்வி: பாய்லருக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது, வெளியிலிருந்து தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? திருப்பி அடிக்காதா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் சார். பக்கம் நீண்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் பம்ப் வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும் அசைவிலேயே பம்ப் இயங்கும். ஓடுகிறவரை சரி. ஸ்டேஷனில் நிற்கும்போது தண்ணீர் குறைந்தால்? பயணிகளை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் கழற்றி, முன்னும் பின்னும் நடை பழக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க ஒரு மைல் ஓடிவிட்டு வா என்பது போன்ற ஏற்பாடு.

ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் 1858-இல் ஒரு சின்னப் பித்தளைக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் இன்ஜெக்டர். உள்ளே அசையும் பிஸ்டன் இல்லை, சக்கரம் இல்லை. கூம்பு கூம்பாகச் சில துளைகள்தான். பாய்லரிலிருந்து வரும் நீராவி குறுகிய கூம்பு வழியாகச் சீறிப் பாயும். அந்தப் பாய்ச்சலில் பக்கத்துக் குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் இழுபடும். தண்ணீரைத் தொட்டதும் நீராவி குளிர்ந்து தானும் தண்ணீராகிவிடும், ஆனால் வேகம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த வேகத் தண்ணீர் விரியும் கூம்புக்குள் போகும்போது வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. பாய்லரின் அழுத்தத்தையும் மிஞ்சுகிறது. வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போகிறது. பாய்லர் தன் நீராவியைக் கொண்டே தன் வாயைத் திறந்து தனக்கு ஊட்டிக்கொள்கிறது. கேட்டவர்கள் ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். தப்பில்லை, நான் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

இன்ஜெக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், கருவியும் சூடேறக் கூடாது. நல்ல கோடையில் ஒய்.பி. வகை மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஒன்று எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றது. இன்ஜெக்டர் ‘பிடிக்கவில்லை’. வழிவுக் குழாய் வழியே நீராவியும் வெந்நீரும் தரையில் கொட்டுகின்றன, பாய்லருக்குள் ஒரு சொட்டு போகவில்லை. கண்ணாடியில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் இறங்கினால் நெருப்புப் பெட்டியின் கூரையில் இருக்கும் லெட் பிளக் என்ற ஈய அடைப்பு உருகி, நெருப்பே அணைந்துவிடும். டிரைவர் என்னைப் பார்க்கிறார், நான் ஸ்பேனரைத் தேடுகிறேன். வயதான பயர்மேன் ஒருவர் எதுவும் பேசாமல் கோணிச்சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி இன்ஜெக்டரின் மேல் போர்த்தினார். ஒரு வாளித் தண்ணீரையும் அதன் தலையில் ஊற்றினார். வால்வை மூடி, மெல்லத் திறந்தார். கொட்டல் நின்றது. தும்பி பறப்பது போன்ற ஓர் ஒலி கிளம்பியது. ‘குடிக்குது’ என்றார். அவ்வளவுதான். ஜிஃபாரின் கூம்புக்குள் நீராவி குளிர்ந்தாக வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை.

ஜிஃபாரை உலகம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1852-இல், 3 குதிரைத்திறன் நீராவி எஞ்சினைத் தொங்கவிட்ட நீண்ட பலூனில் பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் பறந்தார். மேலே எரியக்கூடிய வாயு. அதனால் புகைபோக்கியைத் தலைகீழாக, தரையைப் பார்க்க வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கி, 1882-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

கேள்வி: பிரெஞ்சு எஞ்சின்கள் ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கின்றன? ஆங்கிலேய எஞ்சின் எளிமையாக இருக்கிறதே? (எஞ்சினீயர், சேலம்)

பதில்: கரி. ஆங்கிலேயனுக்குக் கொல்லையைத் தோண்டினால் நல்ல கரி. பிரான்ஸுக்குப் போதாது, கணிசமாக இறக்குமதி செய்தார்கள். ஆகவே ஒவ்வொரு மண்வெட்டிக் கரிக்கும் கணக்குக் கேட்டார்கள். கரி மிச்சப்படுத்திய டிரைவருக்குச் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். என் அம்மா ஒரே விறகில் சோறு வடித்து, அந்தத் தணலிலேயே குழம்பைக் கொதிக்க வைத்து, மிஞ்சிய சாம்பல் சூட்டில் பாலைக் காய்ச்சி வைப்பார். கூட்டு விரிவு எஞ்சின் என்பது அதுதான்.

சாதாரண எஞ்சினில் நீராவி சிலிண்டரில் ஒருமுறை தள்ளிவிட்டு வெளியேறிவிடும், அதில் இன்னும் தெம்பு இருக்கும்போதே. அனாத்தோல் மாலே என்பவர் அதை வெளியே விடாமல் இன்னொரு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்கினார். 1876-இல் பயோன்–பியாரிட்ஸ் என்ற சின்னக் கடற்கரைப் பாதையில் அவருடைய குட்டி எஞ்சின்கள் ஓடின. கட்டியது லெ கிரூசோ ஆலை. பத்து வருடத்துக்குள் மியூலூஸ் ஆலையின் ஆல்ஃபிரட் டி கிளென் நான்கு சிலிண்டர் வைத்து 701 என்ற எஞ்சினைக் கட்டினார். பிறகு வட ரயில்வேயின் காஸ்தோன் து பூஸ்கே அவரோடு சேர்ந்து அந்த வகையைச் செதுக்கியெடுத்தார். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதென்று அங்கே சட்டம். அதனால் உச்ச வேகத்துக்கு ஆசைப்படாமல், கனத்த வண்டியோடு ஏற்றத்தில் வேகம் குறையாமல் ஏறுவதில் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்கள். 1903-இல் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயே அப்படி ஓர் எஞ்சினை வாங்கிப் போய்ப் பாடம் படித்தது.

விலை என்ன? உயர் அழுத்தத்துக்கு ஒரு கைப்பிடி, தாழ் அழுத்தத்துக்குத் தனிக் கைப்பிடி. டிரைவர் பாதி எஞ்சினீயராக இருக்க வேண்டும். உள்பக்கச் சிலிண்டரைப் பழுது பார்க்கப் பிட்டர் பாம்பாக இருக்க வேண்டும்.

இந்த வித்தையை நீங்கள் பிரான்ஸுக்குப் போகாமலே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டி, தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் தொடங்கியதும், அதே நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பற்சக்கரத்தைத் திருப்பும். முதலில் வந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை, பிரெஞ்சு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். மாலே பிறந்ததும் ஜெனீவாவுக்குப் பக்கத்தில்தான்.

கேள்வி: ஸ்டேஷன் சுவரை உடைத்துக்கொண்டு எஞ்சின் தெருவில் தலைகீழாகத் தொங்கும் படம் உண்மையா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: உண்மை. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையம், 1895 அக்டோபர் 22. கிரான்வீலிலிருந்து வந்த எக்ஸ்பிரஸ் தாமதமானதால் விரட்டிக்கொண்டு வந்தார்கள், காற்று பிரேக் நேரத்துக்குப் பிடிக்கவில்லை. வண்டிக்குள் இருந்த பயணிகள் பிழைத்தார்கள். கீழே தெருவில், கணவருக்குப் பதிலாகப் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த பெண் இறந்தார். டிரைவருக்கு 50 பிராங்க் அபராதம்.

எல்லோரும் அந்தப் படத்தையே பார்க்கிறார்கள். அதைவிடக் கொடியது 1842 மே 8-இல் வெர்சாய் பாதையில் மெதோன் அருகே நடந்தது. எஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் நெருப்பின் மேல் ஏறின. பயணிகள் இறங்கிவிடக் கூடாதென்று பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். 50 பேருக்கு மேல் எரிந்துபோனார்கள். அதன் பிறகே கதவைப் பூட்டும் வழக்கம் அங்கே ஒழிந்தது. வெளியே கீறல் தெரியாத நல்ல இரும்பு அச்சு ஓடி ஓடி ஏன் முறிகிறது என்றும் எஞ்சினீயர்கள் ஆராயத் தொடங்கினார்கள். எங்கள் ஷெட்டில் அச்சைச் சுத்தியலால் தட்டி ஒலி கேட்போம். மணி போல ஒலித்தால் சரி. ஒலி செத்துக் கேட்டால் வண்டி நகராது, மேலதிகாரி கத்தினாலும்.

கேள்வி: அங்கே பார்த்தவற்றில் ஒன்றை ஓட்டக் கொடுத்தால் எதை எடுப்பீர்கள்? (சிறுவன், திண்டிவனம்)

பதில்: தம்பி, நான் ஓட்டுகிறவன் இல்லை, கழற்றி மாட்டுகிறவன். கொடுத்தால் 701-ஐக் கழற்றிப் பார்ப்பேன். அதன் பக்கத்தில் குனிந்து, உள்பக்கச் சிலிண்டருக்குக் கை எட்டுமா என்று கயிற்றுக்கு அப்பால் நீட்டிப் பார்த்தேன். ‘மெஸ்யூ!’ என்று ஒரு காவலாளி ஓடி வந்தார். என் மகள் ஏதோ பிரெஞ்சில் சொன்னாள். அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கரியும் எண்ணெயும் ஏறிய பழைய வெட்டுத் தழும்புகள் நீலமாக அப்படியே இருக்கின்றன. சிரித்துவிட்டுப் போய்விட்டார். கை எட்டவில்லை.