சம்பளம் எந்தக் கிராண்டிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டீர்கள். கையில் அமெரிக்காவில் இரண்டு போஸ்ட்டாக் வாய்ப்புகள், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலைகள். ஒன்று பாஸ்டனில், பெயர்பெற்ற பேராசிரியரின் பெரிய லேப். இன்னொன்று க்ளீவ்லண்டில், சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத உதவிப் பேராசிரியரின் சின்ன லேப். "ஃபண்டிங் எல்லாம் போய்விட்டது என்கிறார்கள் அக்கா, இந்த நேரத்தில் வரலாமா? வந்தால் எங்கே சேர்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவி ஐ.டி. வேலையை விட்டுவிட்டுத்தான் கூட வரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

வரலாம். ஆனால் எந்த ஜர்னலில் எத்தனை பேப்பர் என்று பார்த்து லேப் பிடிக்கிற பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் சம்பளம் எந்தக் கிராண்டிலிருந்து, அதாவது எந்த ஆராய்ச்சி மானியத்திலிருந்து வரப்போகிறது, அது என்றைக்கு முடிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம் ஊரில் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒருவருக்கு வேலை நிரந்தரமானால் சம்பளத்தை நிறுவனம் கொடுத்துவிடும்; ப்ராஜெக்ட் பணம் ரசாயனத்துக்கும் ஜே.ஆர்.எஃப். பையன்களுக்கும்தான். இங்கே மருத்துவப் பல்கலைக்கழகங்களில் அப்படியில்லை. போஸ்ட்டாக்கின் சம்பளம் மட்டுமல்ல, பல இடங்களில் பேராசிரியரே தன் சம்பளத்தில் பெரும்பங்கைக் கிராண்ட் எழுதித்தான் சம்பாதிக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் 'சாஃப்ட் மணி' என்கிறார்கள். நானும் செயின்ட் லூயிஸில் ரிசர்ச் ஃபேகல்டியாக அந்தப் பணத்தில்தான் இருக்கிறேன். உயிரியல் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: மேரிலாந்து பெதஸ்டாவில் இருக்கிற என்ஐஎச், அதாவது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள். 27 கழகங்களும் மையங்களும், வருடத்துக்கு 4,700 கோடி டாலரை ஒட்டிய பட்ஜெட். அங்கே தும்மினால் நாடு முழுக்க லேப்களுக்குச் சளி பிடிக்கும்.

இந்த நெருக்கடி நேற்று முளைத்ததில்லை. 1998-லிருந்து 2003-க்குள் என்ஐஎச் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கினார்கள். பல்கலைக்கழகங்கள் கட்டடம் கட்டின, ஆள் எடுத்தன, பி.எச்டி. மாணவர்களைச் சேர்த்தன. அதற்கப்புறம் பட்ஜெட் பல வருடங்கள் அப்படியே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. 2013-ல் ஒரே அடியாக 5 சதவீதம் வெட்டினார்கள். ஒரு சராசரி லேப் எழுதுகிற ஆர்01 என்ற கிராண்டில், சுருக்கமான பட்ஜெட் படிவத்துக்கான உச்சவரம்பு 1999-லிருந்து இன்றுவரை வருடத்துக்கு 2,50,000 டாலர்தான். அன்று அதில் நாலைந்து பேரை வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று இரண்டு போஸ்ட்டாக், ஒரு டெக்னீஷியன், எலிக்கூண்டு வாடகை என்று போட்டாலே கை கடிக்கிறது. 1980-ல் முப்பத்தாறு வயது வாக்கில் முதல் ஆர்01 வாங்கினார்கள். இப்போது நாற்பத்திரண்டைத் தாண்டிவிட்டது. உங்களுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை என்றால், நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தை யார் பணத்தில் கழிக்கப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

2025-ல் இதன்மேல் இன்னும் சில விழுந்தன. ஜனவரியில் விண்ணப்பங்களை மதிப்பிடும் கூட்டங்களையே நிறுத்தி வைத்தார்கள். பிப்ரவரியில் ஓவர்ஹெட்டை, அதாவது கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று கிராண்டோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பங்கை, 15 சதவீதத்துக்கு மேல் தரமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஐம்பது அறுபது சதவீதம் வாங்கிக்கொண்டிருந்த இடங்கள் ஆடிப்போயின. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் பயத்தில் பல இடங்களில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், பி.எச்டி. சேர்க்கையைக் குறைத்தார்கள். நடந்துகொண்டிருந்த கிராண்டுகள் சிலவற்றைப் பாதியில் ரத்து செய்தார்கள். வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் உண்டு: நாலைந்து வருடப் பணத்தை முதல் வருடமே மொத்தமாக ஒதுக்கும் முறையைக் கூட்டினார்கள். மொத்தத் தொகை மாறாவிட்டாலும் புதிதாகக் கிடைக்கிற கிராண்டுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். தேசியப் புற்றுநோய்க் கழகம் 2024-ல் 10-வது பெர்சென்டைல் வரைக்கும் பணம் கொடுத்தது. 2025-ல் அந்தக் கோடு 4-க்கு இறங்கியது. நூறு விண்ணப்பத்தில் முதல் நாலுக்குள் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது இடத்துக்கும் பதினைந்தாவது இடத்துக்கும் விஞ்ஞானத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று மதிப்பிடுகிறவர்களுக்கே தெரியும்.

'திறமையிருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்' என்று உங்கள் கைடு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர்மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், அது முழு உண்மையில்லை. டக்ளஸ் ப்ராஷர் என்று ஒருவர். நீங்கள் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிப் புரதத்தின் மரபணுவை ஜெல்லிமீனிலிருந்து முதலில் பிரித்தெடுத்து, 1992-ல் வெளியிட்டவர். என்ஐஎச்சுக்கு எழுதினார், கிடைக்கவில்லை. பணம் தீர்ந்ததும் அந்த மரபணுவைக் கேட்டவர்களுக்கு அனுப்பிக்கொடுத்துவிட்டு அந்த வேலையிலிருந்தே விலகினார். 2008-ல் அந்தப் புரதத்துக்காக ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்தபோது, ப்ராஷர் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு கார் ஷோரூமில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மரபணுவை அனுப்பிவைத்த அந்த மனிதரின் பெருந்தன்மை எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். ஆனால் அவருக்குத் திறமை குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, உங்கள் இரண்டு லேப்களுக்கு வருவோம். என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்று ஒரு இணையத்தளம் இருக்கிறது. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. பிஐ, அதாவது லேப் தலைவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு கிராண்டுக்கும் ஒரு நீளமான எண் வரும். முதல் இலக்கம் 1 என்றால் புதியது, 2 என்றால் போட்டியிட்டுப் புதுப்பித்தது, 5 என்றால் ஏற்கெனவே கிடைத்தது ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஆர்01, ஆர்35 என்று வகை. அதையொட்டி வருகிற இரண்டு எழுத்து எந்தக் கழகம் என்று சொல்லும்: சிஏ புற்றுநோய், ஏஐ ஒவ்வாமையும் தொற்றுநோயும், எச்எல் இதயமும் நுரையீரலும். கடைசியில் கோடு போட்டு 04, 05 என்றிருப்பது அது எத்தனையாவது வருடம் என்பது. உள்ளே போனால் முடிவுத் தேதி கிடைக்கும்.

நீங்கள் அனுப்பிய பெயரைப் போட்டு நானும் பார்த்தேன். பாஸ்டன் பேராசிரியரின் பெரிய ஆர்01 ஐந்தாம் வருடத்தில் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து சில மாதத்தில் முடிகிறது. இன்னொன்றின் முடிவுத் தேதி தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் அதற்குப் புதுப் பணம் எதுவும் வரவில்லை. மிச்சப் பணத்தை வைத்து நாளை நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். பெரிய பெயருக்கு வேறு வழியில் பணம் வரலாம், அறக்கட்டளைகள், கம்பெனிகள் இருக்கலாம். கேட்காமல் நம்பாதீர்கள். க்ளீவ்லண்ட்காரருக்கு லேப் தொடங்கப் பல்கலைக்கழகம் கொடுத்த ஸ்டார்ட்டப் பணம் கையில் இருக்கும், அது ரிப்போர்ட்டரில் தெரியாது. ஆனால் அவர் பெயரில் ஓர் ஆர்35 தொடங்கியிருப்பது தெரிகிறது. அது ஐந்து வருடத்துக்கானது. பட்டம் வாங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்கிற புதியவர்களுக்கு ஆர்01 மதிப்பீட்டிலும் சலுகை உண்டு. அதே புற்றுநோய்க் கழகம் 2024-ல் அவர்களுக்கு 17-வது பெர்சென்டைல் வரை கொடுத்தது. நானாக இருந்தால் க்ளீவ்லண்ட். வீட்டு வாடகையும் பாஸ்டனில் கொடுப்பதில் பாதிக்குக் கீழே. என்ஐஎச் 2025-க்கு வைத்த முதலாண்டு போஸ்ட்டாக் அளவு 62,232 டாலர். அதை வைத்துக்கொண்டு பாஸ்டனில் குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம்.

லேப் மூடுவது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது. நான் வந்து சேர்ந்த முதல் லேபில் அது நடந்தது. புதுப்பிக்க எழுதிய விண்ணப்பம் முதல் முறை விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. மதிப்பிடும் குழுவில் கிட்டத்தட்டப் பாதி விண்ணப்பங்களுக்கு அந்த கதிதான். திருத்தி ஒரு முறைதான் மறுபடி அனுப்பலாம். இரண்டாம் முறை மதிப்பெண் வந்தது, கோட்டுக்கு வெளியே. அடுத்த கிராண்ட் வரும்வரை சமாளிக்க டிபார்ட்மென்ட் கொஞ்ச மாதத்துக்கு பிரிட்ஜ் பணம் கொடுத்தது. அதுவும் கரைந்ததும், பல வருடம் வளர்த்த எலி வம்சங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை உறைய வைப்பது, எதைக் கைவிடுவது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டோம். கூண்டுக்குத் தினக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும், யோசிக்க நேரம் கிடையாது. மைனஸ் எண்பது ஃப்ரீஸரைக் காலி செய்தபோது, முன்னால் இருந்தவர்களின் கையெழுத்தில் பெட்டி பெட்டியாக ட்யூப்கள். எங்கள் பிஐ நல்ல மனிதர். எங்கள் ஒவ்வொருவருக்கும் இடம் தேடி அவரே போன் போட்டார். அதே மாடியில் இன்னொரு லேப் என்னை எடுத்துக்கொண்டதால் தப்பித்தேன்.

விசா இதோடு பின்னிக்கிடக்கிறது. எச்1பி என்ற வேலை விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஜே1 என்ற பரிமாற்ற விசாவில் ப்ரோக்ராம் முடிந்தபின் 30 நாள். அதை நம்பி உட்காரக் கூடாது, ப்ரோக்ராம் நடப்பில் இருக்கும்போதே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். முடித்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பலாம் என்றால், அதே 'ஆராய்ச்சியாளர்' வகை ஜே1-ல் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். மொத்தமே 5 வருடம்தான். இருந்தாலும் உங்களுக்கு ஜே1தான் சரி. 2025 செப்டம்பர் உத்தரவுப்படி வெளிநாட்டிலிருப்பவருக்குப் புதிதாக எச்1பி போட்டால் 1,00,000 டாலர் கட்டணம்; எந்த லேபும் கட்டாது. ஜே1 முடிந்ததும் 'இரண்டு வருடம் ஊரில் இருந்தாக வேண்டும்' என்ற நிபந்தனைக்கான துறைப் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசாங்க ஃபெலோஷிப் பணத்தில் வந்தால் மட்டும் அது இன்னும் பொருந்தும். முக்கியமாக, உங்கள் மனைவி, ஜே1-காரரின் துணைக்கான ஜே2-ல் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வர மாதக்கணக்காகும், ஆனால் வந்தால் வேலை பார்க்கலாம். எச்1பிகாரரின் துணைக்கான எச்4-ல் வந்திருந்தால், உங்கள் கிரீன் கார்டு வேலை ஒரு கட்டத்தைத் தாண்டும்வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான். படித்து வேலை பார்த்த பெண்கள் அப்படி வருடக்கணக்கில் முடங்கியதை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

போஸ்ட்டாக்குகளுக்கான கே99 என்ற கிராண்டை வந்த நாளிலிருந்தே மனதில் வையுங்கள். குடியுரிமை கேட்காது. கிடைத்தால் அடுத்த வேலைக்கு மூன்று வருடப் பணத்தோடு போகலாம், பல்கலைக்கழகங்கள் உங்களைத் தேடும். ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் 4 வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் இரண்டு வருடத்தை மற்றவர் ப்ராஜெக்டிலேயே கழித்துவிட்டால் சொந்தமாகச் சொல்ல எதுவும் இருக்காது. அமெரிக்க இதயச் சங்கத்தின் ஃபெலோஷிப்புக்கும் ஜே1-காரர்கள் எழுதலாம். கம்பெனிப் பக்கம் தாவலாம் என்று நினைத்தால், பல்கலைக்கழகம் போடும் எச்1பி, விசா ஒதுக்கும் லாட்டரிக்கு வெளியே உள்ளது. கம்பெனிக்குப் போக லாட்டரியில் பெயர் விழவேண்டும். இந்தியாவுக்குத் திரும்பிப் போக ராமலிங்கசுவாமி, ராமானுஜன் ஃபெலோஷிப்புகள் இருக்கின்றன. ராமானுஜனுக்கு 40 வயது வரம்பு. அதைத் தோல்வி என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கே க்ளீவ்லண்ட் பேராசிரியருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். என் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து, எதுவரை உறுதி? ஜே1-க்கான டிஎஸ்-2019 படிவத்தை ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு மூன்று வருடத்துக்குப் போட முடியுமா? கே99 எழுத ஒத்துழைப்பீர்களா, போகும்போது எந்த ப்ராஜெக்டை எடுத்துப்போகலாம்? மூன்றையும் பணிவாக, சுற்றிவளைக்காமல் கேளுங்கள். இங்கே இதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆஃபர் லெட்டரில் 'நிதி இருக்கும்வரை' என்ற வரி கண்டிப்பாக இருக்கும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம். பதில் வந்ததும் லெட்டரோடு சேர்த்து அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.