நூற்றுக்கு நூறு வாங்கிய படிவம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக ஃபிரண்ட் எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பதிவுப் படிவம் கட்டினேன். வெளியிடும் முன், இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் ஓட்டிப் பார்த்தேன்; அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு, 100 மதிப்பெண். ஒரே வாரத்தில் பார்வையற்ற பயனர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, மூன்று நாளாக முயல்கிறேன் என்று எழுதியிருந்தார். மேலாளர், “அப்படி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், விடுங்கள்” என்கிறார். எனக்கு விட மனம் வரவில்லை. எங்கே தவறினேன்? இந்தத் துறையிலேயே முழுதாக இறங்கினால் என் வேலைவாய்ப்பு சுருங்கிவிடுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மின்னஞ்சலுக்கு இன்றே பதில் போடுங்கள். மூன்று நாள் ஒரு படிவத்தோடு போராடிவிட்டு, அதன் பிறகும் பொறுமையாக உட்கார்ந்து உங்களுக்கு எழுதியிருக்கிறார். பலர் எழுத மாட்டார்கள், பேசாமல் போய்விடுவார்கள். போனவர்கள் உங்கள் மேலாளரின் கணக்கில் எப்படி வருவார்கள்? படிவத்தைச் சரிசெய்த பின் சோதித்துச் சொல்ல அவரையே கேளுங்கள். அந்த நேரத்துக்கு நிறுவனம் பணம் கொடுக்கவேண்டும், அதையும் பேசிவிடுங்கள்.

நடந்தது இதுவாக இருக்கலாம். ஏதோ ஒரு பெட்டியை அவர் தவறாக நிரப்பியிருப்பார். பொத்தானை அழுத்தியதும் பக்கத்தின் மேலே சிவப்பில் ஒரு பிழைச்செய்தி வந்திருக்கும். பார்வையுள்ளவர் அதைப் பார்த்துவிடுவார். உங்களுக்கு எழுதியவருடைய ஃபோகஸோ, அதாவது விசைப்பலகை இப்போது இயக்கும் இடமோ, பொத்தானிலேயே நிற்கிறது. மேலே புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது என்று, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்கு உங்கள் நிரல் சொல்லவில்லை. அதனால் அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. லைட்ஹவுஸ் உங்கள் பெட்டிகளைத் தவறாக நிரப்பிப் பார்க்காது. படத்துக்கு மாற்று உரை, அதாவது பார்க்க முடியாதவருக்குப் படத்தைச் சொல்லும் எழுத்து, இருக்கிறதா என்று பார்க்கும். அதில் ‘படம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் தேர்ச்சிதான்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பிழை வந்தால் ஃபோகஸைத் தவறு உள்ள முதல் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். செய்தியை ஏரியா-டிஸ்கிரைப்டுபை என்ற ஹெச்டிஎம்எல் பண்பைக் கொண்டு அந்தப் பெட்டியோடு கட்டுங்கள்; பெட்டிக்குப் போனதும் அது வாசிக்கப்படும். ‘தேதி தவறு’ என்று எழுதாமல் ‘ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுங்கள்’ என்று எழுதுங்கள். பிழையை எழுத்தில் சொல்லவேண்டும் என்பது 2008இல் வந்த, இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.0 நெறிமுறையிலேயே இருக்கிறது. ஃபோகஸ் நகராதபோதும் ‘அனுப்பப்பட்டது’, ‘பிழை’ போன்ற நிலைச்செய்திகள் ஸ்கிரீன் ரீடருக்கு எட்டவேண்டும் என்பதை 2018இல் அதன் 2.1 பதிப்பு சேர்த்தது. உங்கள் படிவம் இடறியது இந்த இரண்டாவதில்தான் என்று நினைக்கிறேன்.

நானும் இப்படித்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன், நான் கட்டிய ஒரு முன்பதிவுப் பக்கத்தைப் பார்வையற்ற நண்பர் ஒருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய திரை அணைந்திருந்தது. குரல் ஓடிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எனக்காகக் குறைத்து வைத்தார். பக்கத்தை மேலிருந்து வாசிப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ ‘எச்’ விசையை அழுத்தினார். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும் விசை அது. அடுத்த தலைப்பு இல்லை என்றது குரல். நான் தலைப்புகளைத் தலைப்பாகக் குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி மட்டும் விட்டிருந்தேன். அப்புறம் பிறந்த தேதிக்கு வந்தார். அழகான நாட்காட்டி ஒன்று வைத்திருந்தேன், இரண்டு வாரம் உழைத்தது. ஒவ்வொரு நாளைக் கடக்கவும் டேப் விசையை ஒரு முறை அழுத்தவேண்டும். ஆண்டை மாற்ற வழியில்லை, மாதம் மாதமாகப் பின்னால் போகவேண்டும். அவர் கோபப்படவே இல்லை. “தட்டச்சு செய்ய ஒரு பெட்டி போதுமே” என்றார். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகளை வைத்தோம். கை நடுங்குபவர்களுக்கும் அது எளிதாக இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அந்த ஒரு மணி நேரம் கொடுத்ததை எந்த அறிக்கையும் எனக்குக் கொடுத்ததில்லை. சோதனைக் கருவிகளை விட்டுவிடச் சொல்லவில்லை, ஓட்டுங்கள். விடுபட்ட லேபிள், மங்கிய எழுத்து எல்லாம் அதில் பிடிபடும். ஆனால் இந்த வேலையின் பெரும்பகுதி அந்த நூறு மதிப்பெண்ணுக்கு அப்பால் இருக்கிறது. ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அதை மட்டும் வாங்க விடாதீர்கள். தலைப்பு எது, பொத்தான் எது என்று கட்டியவருக்குத்தான் தெரியும்.

வேலைவாய்ப்பு சுருங்காது. ஹெச்டிஎம்எல்லும் பிரவுசரும் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று ஆழமாகத் தெரிந்தவர்கள் எந்தக் குழுவிலும் குறைவு. இந்த வேலை அதைக் கற்றுக்கொடுத்துவிடும். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அங்கே விற்கும் நிறுவனங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. ஒரு ஆபத்தைச் சொல்லவேண்டும். உங்களை ‘அக்சசிபிலிட்டி ஆள்’ என்று முத்திரை குத்திவிட்டு, எல்லாம் முடிந்தபின் கடைசி வாரத்தில் பழுதுபார்க்கக் கொடுப்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வடிவமைப்பு வரையும் நாளிலேயே உட்கார இடம் கேளுங்கள்.

என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், விண்டோஸில் ஓடும். 2006இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்ற நிரலாளர். இன்று மாலை அதை நிறுவுங்கள். மௌஸைக் கழற்றி வையுங்கள், திரையை அணையுங்கள். உங்கள் படிவத்தைத் திறந்து, வேண்டுமென்றே ஒரு பெட்டியைத் தவறாக நிரப்பி, ‘சமர்ப்பி’யை அழுத்துங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.