ஹாங்காங் மாமாவின் பாஸ்போர்ட்

கேள்வி: ஹாங்காங்கில் கடை வைத்திருந்த என் மாமா காலமாகிவிட்டார். அவர் பெட்டியில் பி.என்.ஓ. என்ற பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்று இருக்கிறது. அப்படியானால் அவர் இங்கிலாந்துக் குடிமகனா? அதை வைத்து எனக்கு ஏதாவது உண்டா?
- வாசகர், காயல்பட்டினம்

பதில்: இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கிடையாது. அந்தத் தகுதி பெற்ற பிள்ளைக்கே இறங்காது, மருமகனுக்கு எங்கே!

சரி, மாமாவுக்கு வருவோம். பி.என்.ஓ. என்றால் 'பிரிட்டிஷ் நேஷனல் (ஓவர்சீஸ்)', ஹாங்காங்காரர்களுக்குத் தந்த ஒரு தகுதி; அது மட்டும் இருந்தால் இங்கிலாந்துக் குடிமகன் ஆகிவிட மாட்டார். அட்டையில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் கம்பீரமாக நிற்கும். உள்ளே குறிப்புப் பக்கத்தைப் புரட்டுங்கள். இன்ன எண்ணுள்ள ஹாங்காங் அடையாள அட்டை இவரிடம் உள்ளது, அதன்படி இவருக்கு ஹாங்காங்கில் வசிக்கும் உரிமை உண்டு என்று இருக்கும். 2021-இல் தனி விசா வரும்வரை, இதை வைத்து இங்கிலாந்துக்குப் போய்வரலாம், குடியிருக்க முடியாது என்பதே நிலை. 1987-இல் வந்த ஏற்பாடு இது.

அப்போது நான் ஹாங்காங்கின் கௌலூன் பகுதியில் ஒரு ரத்தினக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் பக்கத்து மேசைக்காரர் அங்கேயே பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கான்டனீஸ் பேசினால் சீனர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த 1997 ஜூலை 1-இல் சீன வம்சாவளியினர்தான் சீனக் குடிமக்கள் ஆனார்கள். அந்தக் குடியுரிமை இருந்தால்தான் புது ஹாங்காங் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்த எனக்குக் கவலையில்லை. அவர் கையில் இருந்ததோ பி.என்.ஓ. மட்டும். இந்தியாவோ இரட்டைக் குடியுரிமை தராது.

ஊரைவிட்டு யாரும் துரத்தவில்லை, அது உண்மை. ஆனால் அவருக்குப் பேரப்பிள்ளை நினைப்பு. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு 'பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்' என்று ஒரு பட்டம் உண்டு, அதற்கும் இங்கிலாந்தில் இடமில்லை. பேரனுக்கு அந்தப் பட்டம்கூடக் கிடையாது. மனுஷன் டீயை ஆறவிட்டுக்கொண்டு இதையே சொல்வார்.

1990-இல் 50,000 குடும்பங்களுக்கு முழுக் குடியுரிமை தருவதாகச் சட்டம் போட்டார்கள். அதிலும் புள்ளிக்கணக்கு. எங்களைப் போன்ற கடைக் கணக்கர்கள் எங்கே தேற! கடைசியில் கப்பல் கிளம்பும் நேரத்தில்தான் மனம் இறங்கினார்கள். 1997 பிப்ரவரி 4-க்கு முன்பே ஹாங்காங்கில் வசித்துவந்து, வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று மார்ச்சில் சட்டமானது. என் நண்பர் பதிந்தார். லண்டனுக்குக் குடிபோகவில்லை, கௌலூனிலேயே இருந்தார்.

உங்கள் மாமாவும் பதிந்திருக்கக்கூடும். பெட்டியின் அடியில் இன்னொரு பாஸ்போர்ட் கிடக்கிறதா, அதில் 'பிரிட்டிஷ் சிட்டிசன்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பத்திரமாக எடுத்து மாமியிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அது தேவைப்படலாம்.