மாஹ்லரின் தலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுச் சிற்பி ரோதான் செய்த, இசையமைப்பாளர் மாஹ்லரின் வெண்கலத் தலையைப் படங்களில் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் மண்ணை அப்பி அப்படியே விட்டதுபோல் இருக்கிறது. பளிங்கில் அத்தனை வழவழப்பாகச் செய்தவர் இதை ஏன் முடிக்காமல் விட்டார்? பல வார்ப்புகள் இருக்கின்றனவாமே, எது அசல்?

எம்.

அன்புள்ள எம்.,

அது முடிந்த சிற்பம்தான். நீங்கள் குறையாகக் கண்ட இடமே அதன் உயிர்.

1909இல் பாரிஸில் மாஹ்லர் ரோதான் முன் அமர்ந்தார். ஏற்பாடு செய்தவர் மாஹ்லரின் மனைவி ஆல்மாவின் மாற்றாந்தந்தையான ஓவியர் கார்ல் மோல். லேசில் இசைகிற ஆள் இல்லை மாஹ்லர். ரோதானே ஆசைப்படுகிறார் என்று சொல்லித்தான் வரவழைத்தார்கள்.

ரோதான் வேலை செய்த விதத்தை ஆல்மா எழுதியிருக்கிறார். பேசிக்கொண்டே விரல்களுக்கிடையே சின்னச் சின்ன மண் உருண்டைகளை உருட்டுவாராம். அவற்றை ஒட்டி ஒட்டியே முகத்தை வளர்ப்பாராம். மாஹ்லரும் ஆல்மாவும் கிளம்பியபின் கரடுமுரடைத் தடவிச் சமன்செய்துவிட்டு, மறுநாள் மறுபடியும் ஒட்டுவார். சமன்செய்யத் தெரியாமலோ நேரமில்லாமலோ விட்ட மேடுகள் அல்ல அவை. தடவித் தடவிப் பார்த்தபின்னும் இருக்கட்டும் என்று அவர் முடிவுசெய்தவை.

ஏன் விட்டார் என்பதற்கு வெண்கலமே பதில் சொல்கிறது. கருத்த உலோகத்தை மழமழவென்று தேய்த்தால் ஒளி ஓரிடத்தில் பளிச்சிட்டு வழுக்கிப் போய்விடும். இங்கே அது மேடுகளில் உடைந்து பள்ளங்களில் தங்குகிறது. ஒடுங்கிய கன்னமும் இறுகிய வாயும் நாம் நகர நகர மாறுகின்றன. மாடலைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் விளிம்புக்கோட்டைப் பிடிப்பது ரோதானின் வழக்கம். அதனால் இந்தத் தலைக்கு முன்பக்கம் மட்டும் போதாது. படத்தில் பார்த்ததை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள்.

பளிங்கைப் பொறுத்தவரை, அவருடைய பட்டறையில் பெரும்பாலும் உதவியாளர்களே செதுக்கினார்கள். இதே மாஹ்லரின் முகத்தைப் பளிங்கில் மென்மையாக எடுத்து, அதற்கு ‘மோட்சார்ட்’ என்று இன்னொரு இசையமைப்பாளரின் பெயரை இட்டார்கள். அழகானதுதான். ஆனால் ரோதானின் விரலைத் தேடுகிறவர் வெண்கலத்துக்கே வரவேண்டும். மண்ணில் பதிந்த அழுத்தம் பிளாஸ்டர் அச்சு வழியாக அப்படியே உலோகத்துக்கு வந்திருக்கிறது.

வார்ப்புகள் பலவாக இருப்பதில் தவறில்லை. பிரெஞ்சுச் சட்டம் ஒரு சிற்பத்துக்கு 12 வார்ப்புகள்வரை அசலாக ஏற்கிறது. மாஹ்லர் 1897 முதல் 1907வரை இயக்குநராக இருந்த வியன்னா ஆப்பெராவிலும் ஒன்று இருந்தது. யூதர் என்பதால் நாஜிகள் 1938இல் அதை அகற்றினார்கள். போருக்குப் பின் வேறொரு வார்ப்பை அங்கே வைக்க முடிந்தது.